முப்பத்தைந்தில் ஒரு பங்கு



விடுமுறை நாட்களில் நம் பிள்ளைகள் பலர் பிளாஸ்டிக் உறுப்புகளை ஒட்டி, விமானம், கப்பல், கவசவூர்தி முதலியவற்றின் சிற்றுருக்களை அமைத்து மகிழ்கின்றனர். "போரை விட்டு விலகி வந்த வீட்டின் மேசையில் டாங்கி எதற்கு?" என்று வினவும் பெற்றோரும் உளர். அவ்வினாவிற்கு இறுதியில் விடை காண்போம். முதலில் இக்கலையை முறையாகக் கற்போம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா உருவாக்கிய ஷெர்மன் டாங்கியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1942 முதல் 1945 வரை ஏறத்தாழ 49,000 ஷெர்மன் டாங்கிகள் செய்யப்பட்டன.

அளவு விகிதம்

கவசவூர்திச் சிற்றுருக்கள் பெரும்பாலும் 1/35 என்னும் அளவில் வெளிவருகின்றன. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் தன் முதல் டாங்கிச் சிற்றுருவை, மின்கலமும் மோட்டாரும் உள்ளே அடங்குமாறு அமைத்தது. அதனாற் பிறந்த அளவே பின்னர் உலகெங்கும் வழக்காயிற்று. எம்4ஏ1 வகை ஷெர்மனின் நீளம் ஏறத்தாழ 584 செ.மீ. அதனை 35ஆல் வகுத்தால் 16.7 செ.மீ. கிடைக்கும். 175 செ.மீ. உயரமுள்ள மனிதன் 5 செ.மீ. ஆவான்.

ஒட்டும் முறை

1. உறுப்புகளை இளஞ்சூடான சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்துக. வார்ப்பின்போது படிந்த எண்ணெய்ப் பசை நீங்கினாற்றான் வண்ணம் பற்றும்.

2. உறுப்புகளைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிடுங்கலாகாது. வெட்டுக்குறட்டினாற் சற்றுத் தள்ளி வெட்டி, எஞ்சிய முனையை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கத்தியைப் பெரியோர் துணையோடு மட்டுமே கையாளுக.

3. இதற்குரிய பசை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரு உறுப்புகளையும் ஒன்றாக்குவது. ஆதலால் சிறிதளவே போதும். சாளரத்தைத் திறந்து வைத்து வேலை செய்க.

வண்ணம் தீட்டல்

அடிப்பூச்சு உலர்ந்தபின் மங்கிய ஒலிவ் பச்சையை மெல்லிய படலங்களாகப் பூசுக. ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் ஆணித்தலை போன்ற நுண்ணுறுப்புகள் மறைந்துவிடும். அடுத்து, நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிடுக, நிழல் தோன்றும். பின்னர், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிறிய பச்சையைத் தொட்டு விளிம்புகளை மட்டும் வருடுக, ஒளி தோன்றும். சேற்றைச் சக்கரங்களிலும் அடிப்பகுதியிலும் இடுக. உண்மையில் அது எங்கே படியும் என்று எண்ணிப் பார்த்தே இட வேண்டும்.

விடை

இப்போது ஐந்து செ.மீ. மனிதன் ஒருவனைச் சிற்றுருவின் அருகில் நிறுத்துங்கள். அந்தச் சிறு பெட்டிக்குள் தளபதி, சுடுநர், குண்டு நிரப்புநர், சாரதி, துணைச் சாரதி என ஐவர் இருந்தனர். அவர்களோடு இயந்திரம், எரிபொருள், குண்டுகள் யாவும் இருந்தன. சுழலும் மேற்கூண்டில் இருந்தவர் மூவர். தொடக்ககால ஷெர்மன்களில் அம்மூவருக்கும் கூண்டின் மேல் ஒரே வாயில்தான் இருந்தது. நிரப்புநருக்குத் தனி வாயில் பின்னரே அமைக்கப்பட்டது. ஊர்தி தீப்பற்றினால் மூன்றாமவர் எப்போது வெளியேறுவார்? திரைப்படம் பார்ப்பவனுக்கு இவ்வினா எழாது. அவ்வாயிலைத் தன் விரலால் ஒட்டிய பிள்ளைக்கு எழும்.

உள்ளே இருந்தவர்களின் நிலையைச் சிற்றுரு இவ்வாறு கற்பிக்கிறது. இத்தகைய ஊர்தி தெருவில் வரும்போது வெளியே நின்றவர்களின் நிலையை எந்த அறிவுறுத்தல் தாளும் கூறுவதில்லை. அதனை அறிந்த பெற்றோரே அப்பாடத்தைச் சொல்ல முடியும். வண்ணம் உலரும் வேளையில் பிள்ளையின் அருகில் அமர்ந்து சொல்லுங்கள். அப்போது மேசைமேல் இருப்பது வெறும் விளையாட்டுப் பொருளாக இராது.

பயிற்சி: 420 செ.மீ. நீளமுள்ள கார் 1/35 அளவில் எவ்வளவு நீளமாகும்? (விடை: 12 செ.மீ.)