புல்முடிச்சு முதல் செய்மதி வரை
(காட்டுப்பாதைகளைப் படமாக்கும் கலை பற்றிய ஒரு பாடம்)



தமிழில் 'ஆறு' என்னும் சொல்லுக்கு நதி என்ற பொருளோடு வழி என்ற பொருளும் உண்டு. வழி அறிந்தவர் அறியாதவருக்கு வழி சொல்லி அனுப்புவதை நம் முன்னோர் 'ஆற்றுப்படுத்தல்' என்றனர். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை நூல்களாகும். அவற்றுள் ஒன்று, கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்ற மலைபடுகடாம். நன்னன் என்னும் தலைவனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மலைவழி கூறும் இந்நூல் 583 அடிகளைக் கொண்டது. பன்றிக்குப் பொறி வைத்த இடம், பாம்பு உறையும் இடம், தினைப்புனக் காவலரின் கவண்கல் பாய்ந்து வரும் இடம், வழுக்கும் பாறை என வழியின் இடர்களை அது ஒன்றொன்றாக எடுத்துரைக்கின்றது. இன்னுமோர் அறிவுரையும் அதில் உண்டு. வழிகள் கவர்த்துச் செல்லும் இடத்தில், பின்னால் வருவோர் திகைக்காதபடி புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்க என்கின்றது.

கருவி மாறினாலும் நோக்கம் ஒன்றே. பின்னால் வருபவருக்கு வழி சொல்லுதல். கையடக்க ஜீ.பி.எஸ். கருவியைக் கொண்டு நடைபாதைகளையும் துவிச்சக்கர வண்டிப் பாதைகளையும் படமாக்குவது எவ்வாறு என்பதே இன்றைய பாடம்.

நோர்வேயின் புல்முடிச்சுகள்

நாம் வாழும் இந்நாட்டில் டே.என்.டே. எனப்படும் நோர்வே சுற்றுலாச் சங்கம் 1868ஆம் ஆண்டு தோற்றம் பெற்றது. இன்று 20,000 கிலோமீற்றருக்கும் கூடுதலான பாதைகள் அச்சங்கத்தின் கிளைகளால் அடையாளமிடப்பட்டுப் பேணப்படுகின்றன. இப்பணியில் பெரும்பகுதியைச் சம்பளமின்றித் தொண்டர்களே ஆற்றுகின்றனர். உயர்மலைப் பகுதிகளில் கற்குவியல்களின் மேல் சிவப்பு நிறத்தில் 'ட்டி' என்னும் எழுத்தைக் காணலாம். ஒஸ்லோவைச் சூழ்ந்த 'மார்க்கா' காடுகளிலோ மரங்களில் நீல நிறம் தீட்டப்பட்டிருந்தால் அது கோடைகால நடைபாதை. சிவப்பு நிறமாயின் அது பனிச்சறுக்குப் பாதை. இவ்வேறுபாட்டை அறியாது கோடையில் சிவப்பு அடையாளத்தைப் பின்பற்றினால், குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் சதுப்பு நிலத்தில் கால் புதைய நேரும்.

1957ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்வுச் சட்டம் காடுகளில் யாவரும் நடமாடும் உரிமையை உறுதி செய்தது. செல்வந்தர், வறியவர், இங்கே பிறந்தவர், அகதியாய் வந்தவர் என்ற பேதம் அதில் இல்லை. துவிச்சக்கர வண்டியில் செல்வோரும் காட்டுப்பாதைகளைப் பயன்படுத்தலாம். ஆயினும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குத் தனி விதிகள் உண்டு. 2023இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ஒஸ்ட்மார்க்காப் பகுதிக்குச் செல்லுமுன் அங்குள்ள விதிகளைக் கேட்டறிதல் நன்று.

சிவப்பு நிறம் பற்றி ஒரு சொல்

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைக் கூற விழைகின்றேன். நான் வன்னியில் புவியியல் ஆசிரியனாக இருந்தவன். 1995இல், பதினாறு வயதில், பொதிகள் ஏற்றிய சைக்கிளை உருட்டியபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறினேன். 2009இன் பின்னர் ஊர் திரும்பியபோது, வயல்வெளிகளின் ஓரங்களில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடி அபாயம்! அடையாளமிட்ட பாதையை விட்டு ஓர் அடியும் விலகக் கூடாது என்று எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் முன்னரே கற்பித்தோம்.

நோர்வேக்கு வந்த முதலாண்டில், மொழி வகுப்பினர் எங்களைக் காட்டிற்கு அழைத்துச் சென்றனர். உடன்வந்த பெண்மணி ஒருவர் புளுபெரிப் பழம் பறிப்பதற்காகப் பாதையை விட்டு இறங்கினார். அவரது காலடியையே நோக்கியிருந்த நான் என்னையறியாது உரத்துக் கத்திவிட்டேன். எல்லோரும் திகைத்து நின்றனர். நானோ வெட்கத்தால் தலைகுனிந்தேன். அதன்பின் நெடுங்காலம் எந்தக் காட்டிற்கும் நான் செல்லவில்லை.

பிற்காலத்தில் ஓர் உண்மையை அறிந்தேன். ஆளெதிர்க் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கையின் வாசகம் 1997 செப்ரெம்பரில் இதே ஒஸ்லோ நகரிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது. இலங்கை அதில் 2017இல் இணைந்தது. கண்ணிவெடி அகற்றுவோரும் தாம் துப்புரவாக்கிய நிலத்தின் எல்லைகளை ஜீ.பி.எஸ். கருவியாலேயே குறிக்கின்றனர். ஒரு நிலம் நடப்பதற்குரியது என்று சொல்வதற்கும் படம் வேண்டும். இதனை அறிந்த பின்னரே இக்கருவியை ஒரு விளையாட்டுப் பொருளாக நான் கருதவில்லை.

கருவி இடத்தை அறிவது எவ்வாறு?

அமெரிக்கா இத்தொகுதியின் முதற் செய்மதியை 1978இல் ஏவியது. 1983இல் தென்கொரியப் பயணிகள் விமானமொன்று வழிதவறிச் சென்று சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன்பின் இவ்வசதி பொதுமக்களுக்கும் வழங்கப்படும் என அந்நாடு அறிவித்தது. 1995இல் தொகுதி முழுமை பெற்றது. எனினும் பொதுமக்களுக்குரிய சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்தது. 100 மீற்றர் வரை வழு இருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்பிழை நீக்கப்பட்ட பின்னரே, ஒற்றையடிப் பாதையைப் படமாக்குதல் சாத்தியமாயிற்று.

செய்மதிகள் புவியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுழல்கின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. அது தன் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாது அறிவிக்கின்றது. அச்செய்தி செக்கனுக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீற்றர் வேகத்தில் வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு, கருவி தூரத்தைக் கணிக்கின்றது. மூன்று செய்மதிகளின் தூரம் தெரிந்தால் இடம் தெரியும். கருவியின் சாதாரணக் கடிகாரத்திலுள்ள பிழையைத் திருத்த நான்காவது செய்மதியும் தேவை. நேரம் ஒரு செக்கனின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால், தூரம் 300 மீற்றர் பிழைக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்!

கருவி செய்மதிக்கு எதையும் அனுப்புவதில்லை. வானொலிப் பெட்டியைப் போல் கேட்க மட்டுமே செய்கின்றது. ஆதலால் தொலைபேசித் தொடர்பு இல்லாத காட்டிலும் அது இயங்கும்.

பிறிதொரு செய்தியும் உண்டு. ஜீ.பி.எஸ். செய்மதிகளின் சுற்றுப்பாதை மத்தியகோட்டிற்கு 55 பாகை சாய்ந்தது. ஒஸ்லோவோ ஏறத்தாழ 60 பாகை வடக்கில் உள்ளது. எனவே யாழ்ப்பாணத்தில் தலைக்கு நேர் மேலாகச் செல்லும் இச்செய்மதிகள் இங்கு ஒருபோதும் உச்சிக்கு வருவதில்லை. இன்றைய கருவிகள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகிய தொகுதிகளையும் சேர்த்துக் கேட்பதால் இக்குறை பெரிதும் நீங்குகின்றது.

முன்னர் அளந்தவர்கள்

செய்மதிக்கு முன்னர் மனிதர் மலையுச்சியிலிருந்து மலையுச்சியை நோக்கிக் கோணம் அளந்தே படம் வரைந்தனர். நோர்வேயின் நில அளவை நிறுவனமாகிய கார்ட்வெர்க்கெட் 1773இல் தொடங்கப்பெற்றது. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் நிறுவப்பெற்றது. 1802இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்தியப் பேரளவையைத் தொடங்கினார். சமவெளியில் மலை இல்லாக் குறையைப் போக்கக் கோயில் கோபுரங்களின் மீது கருவியை ஏற்றினர். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அப்பெரிய கோணமானி மோதிச் சேதமுற்றது. லாம்ப்டன் அதனைத் தாமே செப்பனிட்டு மீண்டும் அளந்தார். இன்று நாம் விரல் நுனியால் காணும் படத்தின் பின்னே இத்தகையோரின் உழைப்பு உள்ளது.

பாதையைப் பதிவு செய்தல்

சென்ற கோடையில் எமது மேல் வகுப்பு மாணவர்கள் அம்மெரூட்டிலிருந்து லில்லோசேத்தர் வரையுள்ள பாதையைப் பதிவு செய்தனர். சிலர் நடந்தனர், சிலர் துவிச்சக்கர வண்டியில் சென்றனர். நாம் கைக்கொண்ட முறை இது:

1. புறப்படுமுன் திறந்த வெளியில் சில நிமிடம் நின்று, கருவி போதிய செய்மதிகளைப் பற்றிக்கொள்ள விடுதல்.

2. பதிவைத் தொடங்கியபின் கருவியைத் தோற்பையின் மேற்புறத்திலோ கைபிடியிலோ வானம் தெரிய வைத்தல். சைக்கிளில் செல்வோர் செக்கனுக்கு ஒரு புள்ளி பதிதல் வேண்டும். வேகமாகச் செல்கையில் புள்ளிகள் ஐதாக விழுந்தால் வளைவுகள் நேர்கோடுகளாகிவிடும்.

3. சந்திகள், பாலம், நீர்நிலை, ஓய்விடம் ஆகியவற்றில் நின்று தனிப்புள்ளி குறித்தல். ஒரு சந்தியைக் குறிக்கும் புள்ளியே நமது புல்முடிச்சு.

4. கருவி அறியாதவற்றைக் குறிப்பேட்டில் எழுதுதல். சரளைக்கல்லா, மரவேர்களா, சேற்றின் மேல் பலகை இட்டுள்ளனரா, குழந்தை வண்டி செல்லுமா, ஓட்டுநர் இறங்கி உருட்ட வேண்டுமா என்பன அவை. மலைபடுகடாம் பாடிய புலவர் செய்ததும் இதுவே.

5. ஒரே பாதையை இருமுறையேனும் பதிந்து ஒப்பிடுதல். மூன்று மாணவரின் கருவிகள் மூன்று வேறு தூரங்களைக் காட்டின. "எது சரி, சேர்?" என்று கேட்டனர். மூன்றும் அண்ணளவே என்றேன். அளவீடு என்பதே பிழையின் எல்லையை அறிந்து கூறுதல்தான்.

பதிவை வெளியிடுமுன் உங்கள் வீட்டு வாசலில் தொடங்கும் பகுதியை வெட்டிவிடுங்கள். அந்நியருக்கு வீட்டை அடையாளம் காட்டுதல் வேண்டாம். பிறர் முற்றத்தினூடாகவோ பறவைகள் கூடு கட்டும் இடத்தினூடாகவோ சென்றிருந்தால் அதையும் நீக்குக. 2004இல் தொடங்கப்பெற்ற ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் திறந்த தேசப்படத்தில் தொண்டர்கள் இவ்வாறு பதிந்த பாதைகளைச் சேர்க்கின்றனர். கார்ட்வெர்க்கெட்டும் 2013இல் தன் படத்தரவுகளில் பெரும்பகுதியை இலவசமாகத் திறந்துவிட்டது.

பிழை வரும் வழிகள்

திறந்த வெளியில் நல்ல கருவியின் வழு ஐந்து மீற்றரளவில் இருக்கும். அடர்ந்த தளிர்மரங்களின் கீழும் செங்குத்துப் பாறைகளின் அருகிலும் சமிக்ஞை தெறித்து வருவதால் வழு பெருகும். உயரத்தைக் கணிப்பதில் பிழை இன்னும் கூடும். ஏனெனில் நமக்குக் கீழேயுள்ள செய்மதிகளைப் புவியே மறைத்துவிடுகின்றது. பழைய தாள்ப்படங்கள் வேறோர் ஆள்கூற்று முறையில் அமைந்தவை. கருவி காட்டும் எண்களை அப்படியே அவற்றில் குறித்தால் புள்ளி 200 மீற்றரளவு விலகி விழும். ஏரிக்கரையில் நிற்பவர் ஏரியின் நடுவில் நிற்பதாகப் படம் சொல்லும்!

கருவி கைவிடும் வேளை

ஓர் ஐப்பசி மாத மாலையில் மகனுடன் லில்லோமார்க்காவில் நடந்தேன். கைத்தொலைபேசியை மட்டுமே நம்பிச் சென்றிருந்தோம். குளிரில் மின்கலம் தளர்ந்து, திரை கறுத்தது. பொழுதும் சாய்ந்தது. மகன் என் முகத்தைப் பார்த்தான். அச்சம் என்னிடம் இருந்ததேயன்றி அவனிடம் இல்லை. "அப்பா, நீல நிறத்தைப் பாருங்கள்" என்றான். பாடசாலையில் கற்றிருக்கிறான். ஒரு மரத்தின் நீல அடையாளத்திலிருந்து அடுத்த மரத்தைத் தேடி, அவன் முன்னே செல்ல நான் பின்தொடர்ந்தேன். ஒரு மணி நேரத்தில் வீதி விளக்குகள் தெரிந்தன. வழி சொல்ல வேண்டியவன் வழி கேட்டு வந்தேன். அதில் எனக்குச் சிறுமை தோன்றவில்லை.

ஆகவே தாள்ப்படமும் திசைகாட்டியும் மேலதிக மின்கலமும் எப்போதும் உடனிருத்தல் வேண்டும். கைத்தொலைபேசியை உடலோடு சேர்த்து வெப்பமாக வையுங்கள். செல்லுமிடத்தை வீட்டில் சொல்லிச் செல்லுங்கள். காலத்தோடு திரும்புவதில் வெட்கமில்லை என்பது நோர்வேயின் மலை நெறிகளுள் ஒன்று. வழிதவறினால் 112ஐ அழைத்து ஆள்கூறுகளைச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

நம் பிள்ளைகள் இக்காட்டை அச்சமின்றி அறிவர். நம்முள் பலர் காட்டின் விளிம்பில், வாகனத் தரிப்பிடத்திலேயே நின்றுவிடுகின்றோம். அதற்கான காரணம் நமக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுடன் ஒருநாள் நடந்து, நடக்கும்போது அக்காரணத்தைச் சொல்லுங்கள். ஊரில் நீங்கள் பாடசாலைக்குச் சைக்கிளில் சென்ற பாதையைத் தாளில் வரைந்து காட்டுங்கள். பனை எங்கே, குளம் எங்கே, ஒழுங்கை எங்கே திரும்பியது என்று குறியுங்கள். அப்படம் எந்தச் செய்மதியிலும் இல்லை. உங்களோடு மறையக்கூடியது அது.

பயிற்சி

1. அகலக்கோட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர். இரு புள்ளிகள் வடக்குத் தெற்காக 0.009 பாகை வேறுபட்டால் தூரம் யாது?

2. நெடுங்கோட்டில் ஒரு பாகை யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். ஒஸ்லோவில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். காரணம் கூறுக.

3. உங்கள் வீட்டிற்கு அண்மையிலுள்ள ஒரு பாதையைப் பதிவு செய்து, அதனை அறியாத ஒருவருக்கு வழிகாட்டும் ஆற்றுப்படையாகப் பத்து வாக்கியங்களில் தமிழில் எழுதுக. இடர்களையும் தவறாது குறிப்பிடுக.

மூன்றாம் வினாவிற்குப் பெற்றோரும் விடை எழுதலாம். நல்ல நடை அமைக!