கப்பல் நிற்கிற பகலில் ஒரு டைவ்

அம்பத்தூர்க்காரன் ஒருவன் ஸ்கூபா டைவிங் என்று பேச்செடுத்தால், "எங்க, நம்ம ஏரியிலயா?" என்றுதான் கேட்பார்கள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் இன்றைக்கும் விடுவதில்லை. ஆனால் 2022 ஜூனில் கொர்டேலியாவின் 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓடத் தொடங்கியதும், அடுத்த ஆண்டு ஜூனில் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றி வந்ததும் எனக்கு நல்ல வசதியாகப் போயிற்று. புறநகர் ரயிலில் போய் பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே துறைமுகம். விமானமும் வேண்டாம், விடுதியும் வேண்டாம். கப்பல் திருகோணமலையில் நிற்கிற பகலில் நாமாக ஒரு டைவ் ஏற்பாடு செய்துகொள்ளலாம். பயணத் திட்டம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், டிக்கெட் போடுமுன் எந்தெந்தத் துறைமுகம், எத்தனை மணி நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல்காரர்கள் விற்கும் கரைச் சுற்றுலாக்களில் கோயில், கோட்டை, கடற்கரை எல்லாம் இருக்கும்; சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குவது பெரும்பாலும் இருக்காது. நாமே ஏற்பாடு செய்கிறபோது ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. கப்பலின் சொந்தச் சுற்றுலா பஸ் தாமதமானால் கப்பல் பொறுத்திருக்கும். தனியாகப் போனவருக்காகப் பொறுக்காது. கேங்வேயை எடுத்துவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில்தான் போய்ச் சேர வேண்டும்.

முதலில் துறைமுகத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் தெற்கையும் மேற்கையும் புரட்டி எடுக்கும். ஆகவே அந்த மாதங்களில் அம்பாந்தோட்டையில் டைவ் என்கிற எண்ணமே வேண்டாம். அந்தப் பக்கத்துக் கடலில்தான் கிரேட் பாஸஸ் பாறைகள் இருக்கின்றன. ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்களோடு மூழ்கிய கப்பலை 1961-ல் டைவர் மைக் வில்சனின் குழுவினர் கண்டுபிடித்த இடம். படித்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அங்கே மார்ச், ஏப்ரலில் சில வாரங்கள்தான் கடல் இறங்க விடும். கிழக்குக் கரை நேர்மாறு. மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலையில் தண்ணீர் தெளிந்து கிடக்கும். காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலை, நல்லூர் என்று போய்வருவதுதான் சரி.

திருகோணமலையில் டைவ் கடைகள் பெரும்பாலும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் இருக்கின்றன. இரண்டு மாதம் முன்பே நாலைந்து கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவேன். யார் மலிவாகச் சொல்கிறார்கள் என்பதைவிட, யார் என்னைக் கேள்வி கேட்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். "வாங்க சார், எல்லாம் செய்யலாம்" என்று உடனே பதில் போடுகிற கடை எனக்கு வேண்டாம். கடைசியாக எங்கே டைவ் செய்தீர்கள், லைசென்ஸ் எந்த நிலை, கப்பல் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்டுவிட்டு, ஒன்றுக்காவது முடியாது என்று சொல்கிற கடைதான் நல்ல கடை. ஒருவர் குரல் செய்தியே அனுப்பினார்: "ரெண்டாவது டைவ் சரிவராது அண்ணா. கச்சான் தொடங்கினா போட் வர நேரம் எடுக்கும்." கச்சான் என்பது அங்கே மத்தியானத்துக்குமேல் நிலத்திலிருந்து அடிக்கும் பருவக்காற்று. காலையில் தாம்பாளம்போல் கிடக்கும் கடல் இரண்டு மணிக்குள் வேறு கடலாகிவிடும். பணம் வருகிற இரண்டாவது டைவை வேண்டாம் என்று சொல்கிற ஆளோடு தண்ணீருக்குள் போகலாம். அவரையே ஏற்பாடு செய்துகொண்டேன்.

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். பயணிகள் 4 மணிக்குள் ஏறியாக வேண்டும். ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டால், 3 மணிக்குத் துறைமுக வாசலில் நிற்க வேண்டும். உப்புவெளியிலிருந்து ஆட்டோவுக்கு, வழியில் எது வந்தாலும் சமாளிக்கிற மாதிரி, முக்கால் மணி. குளித்துத் துணி மாற்ற முக்கால் மணி. ஆக 1.30-க்குப் படகு கரையில் இருக்க வேண்டும். இந்தப் பக்கமிருந்து பாருங்கள்: 8 மணிக்குக் கப்பல் கட்டினாலும் குடியேற்றச் சோதனை முடிந்து வெளியே வர 9.30, கடைக்குப் போக 10, படிவம் நிரப்பி, சூட் மாட்டி, படகேற 10.45. நடுவில் மிஞ்சுவது இரண்டே முக்கால் மணி. ஐம்பது நிமிடம் வீதம் இரண்டு டைவ், இடையே ஒரு மணி நேர ஓய்வு என்றாலே கிட்டத்தட்ட அவ்வளவும் போய்விடும். படகு போய்வர நேரமே இல்லை. ஒரு டைவ் என்றால் நிதானமாகச் செய்யலாம்.

இன்னொன்று. கடைகளின் வழக்கமான முதல் படகு காலை ஏழு, எட்டுக்கே போய்விடும். கப்பல் பயணிக்கு அது கிடைக்காது. பத்தே முக்கால் படகு நமக்காகத் தனியாக ஓடுமா, வேறு ஆளும் வருவார்களா, ஓடினால் கட்டணம் என்ன என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி இலங்கைக்கும் நமக்கும் 2006 ஏப்ரலிலிருந்து ஒரே நேரம். சிங்கப்பூர், மலேசியா பக்கம் போகிறவர்கள்தான் கப்பல் கடிகாரமா, ஊர்க் கடிகாரமா என்று பார்த்து நடக்க வேண்டும்.

முன்பணம் விஷயத்தில் நான் கறார். கப்பல் ஒரு துறைமுகத்துக்குப் போகாமலே விட்டுவிடலாம். நம் ஊர்ப் பக்கமே அதற்கு உதாரணம் உண்டு. 2022 ஜூனில் இதே கப்பலுக்குப் புதுச்சேரியில் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் 'கப்பல் வராவிட்டால் பணம் இல்லை' என்று ஒப்புக்கொள்கிற கடைக்குத்தான் போவேன். இந்திய யுபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் செல்லும் என்றாலும், கடற்கரைக் கொட்டகையில் அதை நம்பாமல் ரொக்கமும் வைத்திருங்கள். பல கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நகல் ஒன்று பையில் இருக்கட்டும். கரையில் இறங்க என்ன அனுமதி தேவை என்பதைக் கிளம்புமுன்பே கப்பல் அலுவலகத்தில் கேளுங்கள். நடுக்கடலில் போனை ஏர்பிளேன் மோடில் போடாவிட்டால் கப்பல் நெட்வொர்க் பில் டைவைவிட அதிகமாக வந்து நிற்கும்.

கடைக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது சிலிண்டரின் கழுத்தை. எஸ்டேட்டில் அழுத்தக் கலன்களோடு காலம் தள்ளுகிறவனுக்கு இது பழக்கதோஷம். கழுத்தைச் சுற்றி, ஹைட்ரோ டெஸ்ட் செய்த மாதமும் வருடமும் குத்தியிருக்கும். ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தால் வேறு சிலிண்டர் கேட்பேன். பிறகு வால்வைக் கொஞ்சம் திறந்து, வருகிற காற்றை வெள்ளைக் கைக்குட்டையில் பிடிப்பேன். எண்ணெய்க் கறையோ வாடையோ இருக்கக்கூடாது. கம்ப்ரஸர் காற்று இழுக்கும் குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். டீசல் ஜெனரேட்டர் புகை போகிற வாட்டத்தில் இருந்தால், எவ்வளவு அழகான பவளப்பாறையாக இருந்தாலும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, கைக்குட்டையும் காட்டிக்கொடுக்காது. இப்படிச் சோதிப்பதைப் பார்த்துக் கோபிக்காத கடைக்காரர் இன்னும் நல்லவர்.

வீட்டிலிருந்து கொண்டுபோவது மூன்றே: பவர் லென்ஸ் போட்ட மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர், லாக் புக்கும் கார்டும். மற்றதெல்லாம் வாடகைக்குப் போதும். டைவ் கத்தி எடுத்துப் போகாதீர்கள். கப்பல் செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொள்வார்கள். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, ரத்த அழுத்தம் என்று ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' போட்டாலே டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். அதை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா சேராது. டைவர்களுக்கென்றே உள்ள டான் போன்ற காப்பீட்டைப் பாருங்கள். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அழுத்தச் சிகிச்சை அறை இருக்கிறது. என்றாலும் அது தேவைப்படாமல் திரும்புவதற்குத்தான் இத்தனை பாடும்.

கப்பலில் இரண்டு நாள் ஏசியில் கிடந்தால் மூக்கடைப்பு வருவது சகஜம். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவது ஆபத்து. கீழே இருக்கும்போது மருந்தின் வீரியம் தீர்ந்தால், மேலே வருகையில் காதுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். காது அடைத்திருந்தால் அன்றைக்கு டைவ் இல்லை. முதல் நாள் இரவு பாரில் உட்காருவதும் இல்லை.

இடம் பற்றி எனக்கொரு கருத்து உண்டு. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003-ல் தேசியப் பூங்காவானது. வனவிலங்குத் துறைச் சீட்டு, படகு எல்லாம் தனித்தனிச் செலவு. அங்கே ஆழம் குறைவு. கருமுனைச் சுறாக்களை ஸ்நார்கெல் போட்டு மிதந்தபடியே பார்க்கலாம், சிலிண்டர் வீண். குறைந்த நேரத்தில் கோணேசர் கோயிலிருக்கும் சுவாமி மலையின் அடிதான் சரியான இடம். 1620-களில் போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் கற்களை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் 1956-ல் இங்கேதான் கடலடியில் கண்டார்கள். நான் இறங்கியபோது, பாறைகளுக்கு நடுவே உளி வைத்துச் சதுரமாகக் குடைந்த குழியோடு ஒரு கல். அந்தக் குழிக்குள்ளிருந்து ஓர் அஞ்சாளை தலையை நீட்டி, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி இரண்டு கலவா மீன்கள். எதையும் தொடாதீர்கள், எடுக்காதீர்கள். காற்று 50 பாருக்கு வருமுன் மேலே திரும்புங்கள். ஐந்து மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தத்தைக் கப்பலுக்கு நேரமாகிறது என்று வெட்டாதீர்கள்.

டைவ் முடிந்ததும் விமானம் ஏற வேண்டிய கவலை கப்பல் பயணிக்கு இல்லை. விமானம் என்றால் ஒரே டைவுக்கே 12 மணி நேரமாவது காத்திருக்கச் சொல்வார்கள். கப்பல் கடல் மட்டத்திலேயே போகிறது. ஆனால் மலைக்கும் அதே விதிதான். டைவ் முடித்த கையோடு இறங்கி நுவரெலியாவுக்குக் காரில் போகலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் அதை மறுநாளைக்குத் தள்ளுங்கள். அந்த ஊர் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது.