முகத்துக்கு எலுமிச்சை வேண்டாம்

பரு ஆறிய இடத்தில் நிற்கும் கறுப்புக்கு அன்னூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் எலுமிச்சை. முகம் எரிந்தால், "காந்துனாத்தானுங்க கேக்கும்" என்ற ஆறுதலும் கூடவே வரும். இந்த நம்பிக்கையின் மேல் எனக்குக் கோபம் உண்டு. கைவைத்தியத்தில் நடக்கும் மற்ற எல்லாத் தவறுகளையும்விட முகங்களை அதிகம் கெடுப்பது இதுதான் என்பேன். நம் மாநிறத் தோலில் பருவோ கொசுக்கடியோ ஆறிய பிறகு தங்கும் கறுப்பு, தேய்த்துக் கழுவ வேண்டிய அழுக்கு அல்ல. அங்கே தோல் அழன்றபோது நிறமி அணுக்கள் அளவுக்கு மீறி மெலனினைச் சுரந்ததன் தடம் அது. அழற்சியால் வந்த கறையை இன்னொரு அழற்சியை மூட்டி எப்படிப் போக்குவது? அதனால் எந்தப் பூச்சையும் நான் எடைபோடுவது ஒரே கேள்வியால்: இது தோலைப் புண்படுத்துமா, படுத்தாதா?

எலுமிச்சையில் வைட்டமின் சி இருக்கிறதே, கடையில் ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் சீரமும் அதுதானே என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். 100 மில்லி சாற்றில் வைட்டமின் சி ஏறக்குறைய 50 மில்லிகிராம். சிட்ரிக் அமிலமோ சுமார் 5 கிராம், அதாவது நூறு மடங்கு. சீரங்களில் அந்த வைட்டமின் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். ஆக, வைட்டமின் பூசுவதாக எண்ணிக்கொண்டு நாம் பூசுவது அமிலத்தை. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், ஃப்யூரனோகூமரின் என்ற வகைப் பொருள்கள் இருக்கின்றன. அவை பட்ட தோலில் வெயிலின் புற ஊதாக் கதிர் விழுந்தால் அந்த இடம் வெந்துபோகும். சிவப்பும் கொப்புளமும் உடனே தெரியாது; ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் முற்றி, அதன்பின் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கறுப்பாக நிற்கும். இந்த இடைவெளியால்தான் பழி எலுமிச்சைமேல் விழுவதில்லை. "சூடு உடம்பு, அதான்" என்று சொல்லி இன்னும் அரை மூடியைப் பிழிகிறார்கள். நாமோ பூசிய கையோடு தோட்டத்துக்குப் போகிறவர்கள், சத்தி ரோட்டில் உச்சிவெயிலில் வண்டி ஓட்டுகிறவர்கள்.

மஞ்சளைப் பற்றிக் கேட்டால் பதில் வேறு. ஈரோட்டு மஞ்சள் விளையும் மண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதை ஒதுக்கச் சொல்லமாட்டேன். மஞ்சளில் உள்ள குர்குமின் அழற்சியைத் தணிக்கக்கூடியது. பெரும்பாலோர் தோலை அது உறுத்துவதில்லை, சிலருக்கே ஒவ்வாமை வரும். ஆனால் கறுப்பு போகும் என்பதற்கு, "அமெரிக்காக்காரனே பேட்டன்ட் வாங்கினானே" என்று சான்று காட்டுவது செல்லாது. புண் ஆற்றுவதற்காக 1995-இல் கொடுக்கப்பட்ட அந்தக் காப்புரிமையை இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்தது. 1997-இல் அது ரத்தானது. மஞ்சளை நாம் முன்பே பயன்படுத்தி வந்தோம் என்பதுதான் அங்கே நிலைநாட்டப்பட்டது. கறுப்பு போகும் என்று யாரும் அங்கே நிரூபிக்கவில்லை. பூசுவதென்றால் விரலி மஞ்சளை வாங்கி மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்காக ஈய குரோமேட் கலந்த தூள் சந்தையில் பிடிபட்டிருக்கிறது. கற்றாழை பூசுவதென்றால், மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை ஒழுகவிட்டு, கழுவிய சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் பால் அரிக்கும். தேங்காய் எண்ணெய் வறண்ட கைகாலுக்கு நல்லது, பரு வரும் முகத்துக்கு ஆகாது. எதையும் முதலில் முழங்கையின் உட்புறம் தடவி இரண்டு நாள் பாருங்கள்.

உண்மையில் கறுப்பை மங்கவைப்பது நிழலும் பொறுமையும். மேல்தோலில் நிற்கும் கறை தோல் உதிர்ந்து புதுப்பிக்கும்போது மெல்ல மறையும், சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை வெயில் பட்டால் திரும்பத் திரும்பக் கறுக்கும். காட்டுவேலைக்காரர் நிழலுக்கு எங்கே போவார் என்று கேட்பது நியாயம். அதற்குத்தான் முகத்தின்மேல் நிழல் விழும்படி முன்னே இழுத்துவிட்ட முக்காடும், அகல விளிம்புத் தொப்பியும், முடிந்தால் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனும். அதில் செலவழிக்கும் பணம் எந்த ஃபேஸ்பேக்கிலும் வீணாவதைவிட மேல்.

மாதக்கணக்கா, மெடிக்கலில் தரும் க்ரீம் ஒரே வாரத்தில் வெளுக்கிறதே என்பது கடைசி ஆட்சேபம். வெளுக்கும், ஏனென்றால் அப்படித் தரப்படும் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. நிறுத்தினால் பருவும் சிவப்பும் முன்னிலும் மோசமாகத் திரும்பும், தோலும் மெலியும். 2011-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், தோல் மருத்துவரிடம் முகக்கோளாறோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு பூசியவர்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று அறிவித்தும், கேட்டால் எடுத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. டியூபின் பின்பக்கம் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இத்தனையும் சில்லறைக் கறைகளுக்குத்தான். அளவோ நிறமோ மாறும் மச்சத்துக்குச் சுண்ணாம்பு வைக்காதீர்கள். தேமல்போல வெளிறிய படையில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் அது தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும்.