மலையில ரேம்ப் கட்டுறதுக்கு முன்னாடி வாசலைப் பாருங்க

ரேம்ப்னு சொன்னாலே நம்ம டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் ஞாபகம் வர்ற நம்பர் 1:12. அதாவது 1 மீட்டர் உயரம் ஏற குறைஞ்சது 12 மீட்டர் நீளம். கள்ளக்குறிச்சி டவுன்ல 600 மி.மீ. பேஸ்மென்ட் உயரம் இருக்கிற ஒரு கட்டடத்துக்கு 7.2 மீட்டர் ரேம்ப் வேணும். மேலயும் கீழயும் வீல்சேர் திரும்ப 1.5 மீட்டர் சமதளம் தனி. ஆனா படிக்கட்டுப் பக்கத்துல மிச்சம் கிடக்கிற 2.4 மீட்டர்ல ஒரு சரிவைப் போட்டு, கைப்பிடி வச்சு முடிச்சிடுறதும் நடக்குது. அது 1:4. பைக் ஏத்தலாம், வீல்சேர்ல ஒருத்தர் தனியா ஏற முடியாது.

இது வெறும் நல்லெண்ணம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அணுகல் விதிகளைப் பின்பற்றாத பிளானுக்கு அனுமதியே தரக்கூடாது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்குல, 2024 நவம்பர் 8-ந்தேதி உச்ச நீதிமன்றம் இந்தத் தரங்கள் வெறும் பரிந்துரையா இருக்கக்கூடாது, கட்டாயமா இருக்கணும்னு சொல்லிடுச்சு.

சரி, இப்போ கல்வராயன் மலைக்கு வருவோம். வெள்ளிமலை பக்கம் 6 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குற ஒரு சரிவுல சின்ன சுகாதார நிலையம் கட்டுறோம்னு வச்சுக்கோங்க. கட்டடத்தோட ஆழம் 9 மீட்டர்னா, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தரை வித்தியாசம் 1.5 மீட்டர். உள்தரையை மேல்பக்க மண்ணிலிருந்து 150 மி.மீ. உயர்த்துறோம். வாசலைக் கீழ்ப்பக்கம் வச்சா ஏற வேண்டியது 1.65 மீட்டர், ரேம்ப் 19.8 மீட்டர். நடுவுல நின்னு மூச்சு வாங்குற சமதளங்கள் வேற. இதையே மேல்பக்கம் வச்சா 1.8 மீட்டர் போதும்! அதே கட்டடம், அதே தரை, வாசல் மட்டும்தான் மாறுது. மலைக்கிராமத்துலேர்ந்து தூக்கிட்டு வந்த ஒருத்தரை வாசல்லயும் தூக்கணுமா இல்லையாங்கிறது இந்த ஒரு முடிவுலதான் இருக்கு.

மேல்பக்கம் வாசல் வச்சா மழைத்தண்ணி உள்ள வராதான்னு கேப்பீங்க. வரும். அதனால வாசலுக்கு முன்னாடி குறுக்கா ஒரு வடிகால் வேணும். அதுக்கு மேல போடுற கம்பி மூடியில இடைவெளி 12 மி.மீ.க்கு மேல போகக்கூடாது, இல்லன்னா முன்சக்கரமும் ஊன்றுகோலும் மாட்டிக்கும்.

ரோடு கீழ்ப்பக்கம் இருந்தா கஷ்டம்தான். ஏற வேண்டிய உயரம் எங்கயும் போயிடாது. ஆனா பாதையைச் சரிவுக்கு நேரா ஏத்தாம, காண்டூரை ஒட்டிக் குறுக்கா 1:20-ல கொண்டு போகலாம், இடம் இருந்தா. எதுக்கும் பிளான் வரையறதுக்கு முன்னாடி, ஒரு டியூப் லெவலோட போய் நாலு மூலையையும் ரோடையும் அளந்துட்டு வந்துடுங்க.