கடல் தாண்டிய வயல் தவளை

கேள்வி: அந்தமானில் விவசாயம் பார்க்கும் என் தம்பி, "நம்ம ஊர் வயல் தவளை இங்கே பெரிய தொல்லை, கோழிக்குஞ்சைக் கூட விழுங்குது" என்கிறான். தவளை எப்படி அக்கா கடல் தாண்டியது என்று என்னிடமே கேட்கிறான். அதனால் அங்குள்ள தவளைகளுக்கு ஆபத்து என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உண்மைதான். முதல் மழைக்கு வயலில் தண்ணீர் கட்டியதும், எலுமிச்சை மஞ்சளில், தொண்டையின் இருபுறமும் நீலப் பை புடைக்கக் கத்துமே, அந்த ஆண் தவளையின் இனம்தான் இது. நன்கு வளர்ந்தால் 15 சென்டிமீட்டர் வரும். உள்ளங்கை கொள்ளாது.

தவளையின் தோல் தண்ணீரை உள்ளே விடும் தோல். உப்பு நீரில் உடல் வறண்டு செத்துப்போகும். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான கடலை அது நீந்திக் கடந்திருக்க வழியே இல்லை. நாம்தான் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், குட்டைகளில் மீன் வளர்க்க இங்கிருந்து மீன்குஞ்சுகள் போயின. தண்ணீரும் ஆக்சிஜனும் அடைத்த பாலித்தீன் பைகளில் குஞ்சோடு குஞ்சாகத் தலைப்பிரட்டைகளும் போய்விட்டன. அங்கே குட்டையில் ஊற்றியவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கும் பெரும்பாலும் இப்படியேதான் பரவியது. இன்று மக்கள் வாழும் பெரிய தீவுகள் பலவற்றில் இது இருக்கிறது.

பெரிய தவளை பூச்சியோடு நிற்பதில்லை. ஆய்வாளர்கள் நித்யா மொஹந்தி, ஜான் மீஸி ஆகியோர் அந்தமானில் இதன் இரைப்பையில் இருந்தவற்றை ஆராய்ந்தபோது, அந்தத் தீவுகளுக்கே உரிய பச்சைப் பல்லியும் குருட்டுப் பாம்பும் அகப்பட்டன. ஆனால் எனக்கு அதைவிடக் கவலை தருவது குட்டைக்குள் நடப்பது. பெரும்பாலான தலைப்பிரட்டைகள் பாசியைச் சுரண்டித் தின்னும் சாதுக்கள். இந்த இனத்தின் தலைப்பிரட்டையோ பிறவி வேட்டைக்காரன். வாயில் ரம்பம் போன்ற விளிம்புள்ள கடினமான தாடை உண்டு. பக்கத்தில் நீந்தும் மற்ற தலைப்பிரட்டைகளைக் கவ்வித் தின்னும். தன் இனத்தையும் விடாது. ஒரு பெண் தவளை ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அதே ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட சோதனை முடிவைப் படித்தபோது மனம் கனத்தது. அந்தமானின் இரு சிறு தவளை இனங்களின் தலைப்பிரட்டைகளை இதன் தலைப்பிரட்டைகளோடு ஒரே தொட்டியில் விட்டார்கள். உள்ளூர்த் தலைப்பிரட்டை ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த இரண்டில் ஒன்று, 1977-ல் அந்தமானின் மாயாபந்தரிலிருந்து உலகுக்கு அறிமுகமான குறுவாய்த் தவளை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அந்தமானைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. அங்கே அழிந்தால் அழிந்ததுதான்.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். மீன்குஞ்சு வாங்கினாலும் கொடுத்தாலும் குட்டையில் நேராகக் கொட்ட வேண்டாம். வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்க்கட்டும். குஞ்சுக்குச் செவுள் மூடியும் துடுப்பும் தெரியும். தலைப்பிரட்டைக்குத் தலையும் வயிறும் ஒரே உருண்டை, பின்னால் வால் மட்டும். இரண்டு நிமிட வேலை. ஒரு பையில் நாலைந்து தப்பிப் போனாலே ஒரு தீவுக்குப் போதும்.

கேள்வி: அப்படியானால் எங்கள் வயலில் உள்ள அந்தத் தவளைகளையும் ஒழித்துவிடலாமா?
– வாசகர், சீர்காழி

பதில்: வேண்டவே வேண்டாம், ஐயா. இங்கே அது வந்தேறி கிடையாது, மண்ணின் பிள்ளை. இங்குள்ள சிறு தவளைகள் தலைமுறை தலைமுறையாக அதோடு ஒரே நீரில் பிழைத்துப் பழகியவை. பாம்பும் கொக்கும் அதைத் தின்று கணக்கைச் சரிக்கட்டுகின்றன. வயலில் அது தின்னும் பூச்சி உங்களுக்கு லாபம்.

இங்கே நாம் அதற்குச் செய்த கொடுமை வேறு. வெளிநாட்டுச் சாப்பாட்டு மேசைகளுக்காக இந்தத் தவளைகளை மூட்டை மூட்டையாகப் பிடித்து, காலை மட்டும் வெட்டி அனுப்பிய காலம் உண்டு. வயல்கள் மௌனமாகிப் போனதைப் பார்த்த பிறகுதான் 1987-ல் இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. உங்கள் வயலில் இந்த மழைக்கும் அது கத்தினால், கத்தட்டும்.