மாப்பிள்ளை கோட்: முதலில் தோளைப் பாருங்கள்

தை பிறந்தால் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் அறுவடையும் கல்யாணமும் சேர்ந்தே வரும். ரிசப்ஷனுக்குக் கோட் தைக்கக் கொடுப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது தோள். இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம். தோளைத் திருத்த வேண்டுமென்றால் கையையே பிரித்தெடுத்துத் தைக்க வேண்டும்.

அன்று போடப்போகும் சட்டையோடு போய், கைகளைத் தளர்த்தி இயல்பாக நின்று அளவு கொடுங்கள். பலருக்கு ஒரு தோள் சற்றே தாழ்ந்திருக்கும். டெய்லரிடம் சொன்னால் அந்தப் பக்கம் பேட் கொஞ்சம் கனமாக வைப்பார்.

டிரையலுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். கை தொடங்கும் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். சுவரில் பக்கவாட்டாகச் சாய்ந்து பாருங்கள்: உங்கள் கை சுவரில் படுவதற்கு முன்பே பேட் இடித்து மடங்கினால், தோள் அகலம். பின்கழுத்தில் காலர் சட்டையை ஒட்டி உட்கார வேண்டும். ஒருமுறை கும்பிட்டும் பாருங்கள். மேடையில் வருகிறவர்களையெல்லாம் கும்பிட வேண்டுமே, முதுகில் இழுக்கக் கூடாது.

நம்மூர் வெக்கைக்குப் பாதி லைனிங் போதும். முகூர்த்த மாதத்தில் டெய்லர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஒரு மாதம் முன்பே துணியைக் கொடுத்துவிடுங்கள்.