ஸஹரும் இஃப்தாரும்: உணவா? இபாதத்தா?

 



ரமளான் பிறந்துவிட்டால் நம் வீட்டு அடுப்பங்கரையின் நேரமே மாறிவிடுகிறது. அஸர் தொழுததும் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுகிறது. வடை, சமோசா, பஜ்ஜி, கடல்பாசி, ரோஸ்மில்க் என்று விரிப்பு நிறைகிறது. மஃரிபுக்குப் பிறகு இரவுச் சாப்பாடு வேறு. ஆனால் ஸஹர் நேரத்தில் அதே வீடு இருண்டு கிடக்கிறது. "ராத்திரி சாப்பிட்டதே போதும், எழுப்பாதீங்க" என்று சொல்லிப் படுப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடாதீர்கள் என்று வலியுறுத்தியது ஸஹரை. எளிமையாக முடித்துக் காட்டியது இஃப்தாரை. நாம் இரண்டையும் தலைகீழாக மாற்றிவிட்டோம். இதைத்தான் இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

ஸஹர் என்ற சலுகை

நோன்பு கடமையான ஆரம்ப நாட்களில் சட்டம் கடுமையாக இருந்தது. சூரியன் மறைந்த பின் ஒருவர் உண்ணாமல் உறங்கிவிட்டால், மறுநாள் மாலை வரை அவர் எதுவும் உண்ணக் கூடாது.

கைஸ் பின் ஸிர்மா (ரலி) என்ற அன்ஸாரித் தோழர் பகலெல்லாம் உழைத்துவிட்டு நோன்போடு வீடு திரும்பினார். சாப்பிட ஏதும் இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டார். வீட்டில் இல்லை, தேடிக் கொண்டு வருகிறேன் என்று அந்த அம்மையார் வெளியே போனார். அவர் திரும்பி வருவதற்குள் களைப்பில் கணவர் கண்ணயர்ந்துவிட்டார். உணவு வந்தும் உண்ண முடியவில்லை. அப்படியே அடுத்த நோன்பையும் தொடர்ந்தவர், மறுநாள் நண்பகலில் மயங்கி விழுந்தார். இச்செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டது. அதன் பிறகே, வைகறையின் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து தெளிவாகும் வரை உண்ணலாம், பருகலாம் என்ற வசனம் (2:187) இறங்கியது. ஸஹாபாக்கள் பெரிதும் மகிழ்ந்தார்கள் என்று புகாரியில் வருகிறது.

சிந்தித்துப் பாருங்கள். நாம் போர்வைக்குள் தூங்கிக் கழிக்கும் அந்த நேரம், ஓர் உழைப்பாளி மயங்கி விழுந்த பின் இந்த உம்மத்துக்கு அல்லாஹ் அருளிய சலுகை!

ஒரு மிடறு தண்ணீராவது

ஸஹர் உணவில் பரக்கத் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். நம் நோன்புக்கும் வேதக்காரர்களின் நோன்புக்கும் உள்ள வேறுபாடே ஸஹர்தான் என்ற செய்தி முஸ்லிமில் உள்ளது. ஒரு மிடறு தண்ணீரைக் கொண்டாவது ஸஹர் செய்யுங்கள், அதை விட்டுவிடாதீர்கள் என்ற கருத்திலான அறிவிப்பு அஹ்மதில் இருக்கிறது.

என்ன உண்பது? மூமினின் ஸஹருக்குப் பேரீச்சம்பழம் சிறந்தது என்று அபூதாவூதில் வருகிறது. நம் வீட்டில் சோறும் தயிரும் இருக்கலாம், இட்லி இருக்கலாம், வாழைப்பழமும் பாலும் இருக்கலாம். எதுவானாலும் ஸஹர்தான். ஊறுகாய், கருவாடு, அப்பளம் என உப்பு மிகுந்தவற்றைக் குறைத்துக் கொண்டால் பகலில் தாகம் குறையும்.

எப்போது உண்பது? ஸைத் பின் ஸாபித் (ரலி) நபியவர்களுடன் ஸஹர் செய்துவிட்டுத் தொழுகைக்கு நின்றார்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்கப்பட்டபோது, ஐம்பது வசனங்கள் ஓதும் நேரம் என்றார்கள். அதாவது ஸஹரைப் பிற்படுத்துவது சுன்னத். நள்ளிரவு ஒரு மணிக்கு வயிறு முட்ட உண்டுவிட்டு, ஃபஜ்ரையும் சேர்த்துத் தூங்கிக் கழிப்பது ஸஹரின் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

நபியவர்களின் இஃப்தார்

அனஸ் (ரலி) சொல்லும் செய்தியைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் மஃரிப் தொழுவதற்கு முன் ருதப் எனும் ஈரம் காயாத பேரீச்சங்கனிகளால் நோன்பு திறப்பார்கள். அவை இல்லாவிட்டால் காய்ந்த பேரீச்சம்பழங்கள். அதுவும் இல்லாவிட்டால் சில மிடறு தண்ணீர். அவ்வளவுதான்!

ஒரு பயணத்தில் நபியவர்கள் நோன்போடு இருந்தார்கள். சூரியன் மறைந்ததும், இறங்கி மாவு கரைத்துத் தரும்படி ஒருவரிடம் சொன்னார்கள். ஸவீக் என்பது வறுத்து அரைத்த வாற்கோதுமை அல்லது கோதுமை மாவு. தண்ணீரில் கரைத்தால் உடனே குடிக்கலாம், பயணிகளின் உணவு. அவரோ, இன்னும் பகல் வெளிச்சம் இருக்கிறதே என்று தயங்கினார். நபியவர்கள் மீண்டும் மீண்டும் சொல்லவே, இறங்கிக் கரைத்துக் கொடுத்தார். அதைப் பருகிய பின் கிழக்கே சுட்டிக் காட்டி, இருள் அங்கிருந்து வந்துவிட்டால் நோன்பாளி நோன்பு திறக்க வேண்டியதுதான் என்று விளக்கினார்கள்.

நேரம் வந்துவிட்டால் தாமதம் வேண்டாம். கையில் இருப்பதே போதும். இந்த இரண்டும்தான் இஃப்தாரின் சுன்னத்.

நம் ஊர் நோன்புக் கஞ்சி

பேரீச்சம்பழம் சுன்னத். கஞ்சி நம் முன்னோர் ஏற்படுத்திய நல்ல வழக்கம். இரண்டையும் குழப்பிக் கொள்ள வேண்டாம். ஆனால் அந்த வழக்கத்தில் எவ்வளவு அறிவு இருக்கிறது பாருங்கள்! நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, புதினா, தேங்காய்ப்பால். வசதிப்பட்டால் கொஞ்சம் கைமா. காய்ந்த வயிற்றுக்கு இதமான நீர்த்த உணவு.

அதைவிடப் பெரிய விஷயம், அது ஒரே தேக்சாவில் காய்ச்சப்படுகிறது. கடை முதலாளிக்கும் அந்தக் கடையில் மூட்டை தூக்குபவருக்கும் ஒரே கஞ்சிதான். அஸருக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு நிற்பவர்களில் மாற்றுமதச் சகோதரர்களும் உண்டு. ரமளானில் கஞ்சிக்கென்று பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்குவதைத் தமிழக அரசும் பல ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறது. ஒருநாள் கஞ்சிச் செலவை ஏற்றுக் கொள்பவர் சாதாரணக் காரியம் செய்யவில்லை. நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுத்தவருக்கு, அந்த நோன்பாளியின் கூலியில் எதுவும் குறையாமல் அதே போன்ற கூலி உண்டு என்ற நபிமொழி திர்மிதீயில் உள்ளது.

பெண்களின் துஆ நேரம்

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். நோன்பாளியின் துஆ மறுக்கப்படாது என்று ஹதீஸ் வருகிறது. மஃரிபுக்கு முந்திய அந்த நிமிடங்களில் நாம் விரிப்பில் அமர்ந்து கையேந்துகிறோம். நம் தாயும் மனைவியும் எங்கே இருக்கிறார்கள்? அவர்களும் நோன்பாளிகள்தானே! பாங்கு சொல்லும்போதும் வடையைத் திருப்பிப் போட்டுக் கொண்டிருக்கிறார்கள். நம் நாவின் ருசிக்காக அவர்களின் துஆ நேரம் எண்ணெயில் கழிகிறது.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். பலகாரத்தில் இரண்டைக் குறையுங்கள். மீதி வேலையில் கை கொடுங்கள். பாங்குக்குப் பத்து நிமிடத்திற்கு முன் அடுப்பை அணைத்து, வீட்டார் எல்லோரும் சேர்ந்து அமருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒரு நாளும் ஸஹரை விடாதீர்கள். பசி இல்லையென்றாலும் ஒரு பழம், ஒரு குவளைத் தண்ணீர்.

2. பேரீச்சம்பழம் அல்லது தண்ணீரால் நோன்பு திறந்து, மஃரிபை ஜமாஅத்தோடு தொழுங்கள்.

3. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிவழியை நினைவில் வையுங்கள். தராவீஹில் நிற்க முடியாத அளவுக்கு உண்பது இஃப்தாரின் நோக்கமல்ல.

4. குறைத்த செலவை உங்கள் தெருவில் ஸஹருக்கு ஒன்றுமில்லாத வீட்டுக்குச் சேருங்கள். இஃப்தாருக்குக் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். ஸஹருக்குக் கொடுப்பவர் குறைவு.

சகோதரர்களே! நோன்பில் பசித்திருப்பது மட்டும் இபாதத் அல்ல. அல்லாஹ் உண் என்றதும் உண்பதும் இபாதத்தான். அந்த இரண்டு வேளை உணவும் நம் நன்மைத் தட்டில் வைக்கப்படும்படி உண்போமாக!

வல்ல அல்லாஹ் நம் ஸஹரிலும் இஃப்தாரிலும் பரக்கத் செய்வானாக! நம் நோன்புகளையும் துஆக்களையும் ஏற்றுக் கொள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.